ஸ்பெஷல் சேர்விசர் ஃபீஸ்: அத்தானின் மோட்டல் கடனில் யாருக்கு எவ்வளவு போகிறது?

எழுவான்கரை

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தான் அமெரிக்காவில், நோர்த் கரோலைனாவில், இன்னும் சிலரோடு பங்கு சேர்ந்து ஒரு மோட்டல் நடத்துகிறார். களுவாஞ்சிக்குடியில் எங்களுக்கு இருந்த வளவு ஒன்றை விற்ற காசும் அதற்குள் கிடக்கிறது. அதனால் எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது. 2015 இல் எடுத்த பத்து வருடக் கடன். மாதாமாதம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள், ஒரு தவணைகூடப் பிந்தவில்லை. ஆனால் முடிவுத் திகதியில் மிச்சம் 6 மில்லியன் டொலரை ஒரேயடியாகக் கட்ட வேண்டும். வேறு வங்கிக்கு மாற்றலாம் என்று நம்பியிருந்தார்கள். இன்றைய வட்டி வீதத்தில் எந்த வங்கியும் அவ்வளவு தரத் தயாரில்லை.

இப்போது கடன் 'ஸ்பெஷல் சேர்விசர்' என்ற ஒரு கம்பனிக்குப் போய்விட்டதாம். கடனை முழுதாகத் தீர்க்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்டும் பே-ஓஃப் ஸ்டேட்மென்டை அத்தான் வட்ஸ்அப்பில் அனுப்பினார், பெரிதாக்கிப் பார்த்தேன். கடன் முதல், வட்டி என்று தொடங்கி, டிஃபோல்ட் வட்டி (கடன் தவறியதற்கான மேலதிக வட்டி), தாமதக் கட்டணம், ஸ்பெஷல் சேர்விசிங் ஃபீஸ், லிக்விடேஷன் ஃபீஸ், லோயர் செலவு, மதிப்பீட்டாளர் செலவு, சைட் இன்ஸ்பெக்‌ஷன் என்று போகிறது. கடைசி வரியில் அந்த ஸ்டேட்மென்டைத் தயாரித்ததற்கும் ஒரு கட்டணம்!

இவர்கள் யார்? இத்தனை ஃபீஸையும் அத்தான்தான் கட்ட வேண்டுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய மனேஜர், கல்முனை

தம்பி, ஓய்வு பெறும்வரை நான் வங்கியில் கடன் பகுதியில் இருந்தவன். எங்களிடமும் வராக்கடனுக்குத் தனிப் பிரிவு இருந்தது. ஆனால் அங்கே இருந்தவருக்கும் எனக்கும் சம்பளம் ஒரே இடத்திலிருந்துதான். கடன் ஒரு வருடம் இழுபட்டாலும் அவருக்கு ஒரு சதம்கூட அதிகம் கிடைக்காது. 1990 இன் 4 ஆம் இலக்கச் சட்டத்தில் பராட்டே போட்டு, அதாவது வழக்குப் போடாமலே அடகுச் சொத்தை வங்கி எடுத்து, ஏலம் விட்டாலும் அவருக்குக் கமிஷன் கிடையாது. கடன் வசூலிக்க வெளிக் கம்பனி, அதற்கு நூற்றுக்கு இத்தனை என்பதெல்லாம் எனக்குப் புதினமாக இருக்கிறது.

அத்தானை நேரே அந்த வங்கி மனேஜரிடம் போய்ப் பேசச் சொல்லும். முகத்தைப் பார்த்தால் பாதி விஷயம் முடியும்.

வாவிக்காற்று

மனேஜர் ஐயா, போய்ப் பார்க்க அங்கே மனேஜரே இல்லை. சிக்கலே அதுதான்.

நான் மட்டக்களப்பில் வீட்டிலிருந்தே ஒரு அமெரிக்கக் கம்பனிக்குக் கடன் அறிக்கைகள் தயாரிக்கிறேன். இந்தச் சொற்களோடுதான் இரவு முழுக்கக் குடித்தனம். எழுவான்கரை சொல்வதைப் பார்த்தால் இது சி.எம்.பி.எஸ் கடன், அதாவது வணிகக் கட்டட அடமானக் கடனைப் பத்திரமாக்கி விற்றது. 2015 இல் கடன் கொடுத்த வங்கி அதைக் கையில் வைத்திருக்கவில்லை. அப்படிப்பட்ட பல வணிகக் கடன்களை ஒன்றாகக் கட்டி ஒரு ட்ரஸ்ட்டுக்குள் போட்டு, அந்த ட்ரஸ்ட்டின் பத்திரங்களைத் துண்டு துண்டாக முதலீட்டாளர்களுக்கு விற்றுவிட்டது. மேல் துண்டு ட்ரிபிள் ஏ, அதாவது உச்சத் தரம், அதற்குக் காசு முதலில் போகும். அடித்துண்டுக்குக் கடைசியாகத்தான் போகும், நட்டம் வந்தால் முதலில் அடிபடுவதும் அதுதான். ஆபத்துக்கு ஏற்ற லாபத்துக்காக அதை வாங்குவதற்கென்றே சில கம்பனிகள் இருக்கின்றன. அத்தானுக்கு வந்த கடிதத்தில் கடன் கொடுத்தவர் பெயரைப் பாருங்கள். 'இன்ன வங்கி, இன்ன மோர்ட்கேஜ் ட்ரஸ்ட் 2015 பத்திரக்காரர்களின் ட்ரஸ்டியாக' என்று ஒரு முழநீளப் பெயர் இருக்கும்.

ஒழுங்காகக் கட்டும் கடன்களிடம் மாதப் பணத்தை வாங்கிப் பிரித்து அனுப்புவது மாஸ்டர் சேர்விசர். கடனின் நிபந்தனையைப் பெரிதாக மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. 1986 இன் வரிச் சட்டத்தில் வந்த ரெமிக் என்ற அமைப்பில்தான் இந்த ட்ரஸ்ட்டுகள் நிற்கின்றன. கடன் தவறினால், அல்லது தவறப் போகிறது என்று நியாயமாகத் தெரிந்தால் மட்டும்தான் பெரிய மாற்றம் செய்யலாம். இல்லையென்றால் ட்ரஸ்ட்டின் வரிச் சலுகைக்கே ஆபத்து. அதனால் கடன் 60 நாள் பிந்தினாலோ, முடிவுத் திகதி தாண்டினாலோ, தவறப்போவது உறுதியானாலோ ஸ்பெஷல் சேர்விசரின் மேசைக்குப் போகும். தவணை நீட்டுவது, வட்டி குறைப்பது, கட்டடத்தைப் பிடித்து விற்பது எல்லாம் இவர் கையில்.

சம்மாந்துறைக் காக்கா

சரி, அது விளங்குது. மறுகா இவருக்குச் சம்பளம் யார் குடுக்கிற? கடன்காரனா, பத்திரம் வாங்கினவனா?

வாவிக்காற்று

காக்கா, நேரே தொட்டுட்டீங்க. காகிதத்தில் பார்த்தால் ட்ரஸ்ட்தான் கொடுக்கிறது. கையில் பார்த்தால் வேறு கதை.

பூலிங் அன்ட் சேர்விசிங் அக்ரிமென்ட் என்று பல நூறு பக்க ஒப்பந்தம் ஒன்று இருக்கும். ஃபீஸ் விபரம் முழுக்க அதில்தான். பொதுவாக மூன்று வகை.

கடன் அவர் கையில் இருக்கும் காலம் முழுக்க, நிலுவையில் வருடத்துக்கு 0.25 வீதம். 6 மில்லியனுக்கு வருடம் 15,000 டொலர், மாதம் 1,250. சில ஒப்பந்தங்களில் மாதம் குறைந்தது 3,500 என்று ஒரு அடிமட்டம் போட்டிருப்பார்கள். அப்படியானால் வருடம் 42,000, அதாவது 0.7 வீதம். சின்னக் கடன்காரனுக்கு அது கடிக்கும்.

அடுத்தது வேர்க்-அவுட் ஃபீஸ். கடனைச் சீர்செய்து, தொடர்ந்து மூன்று தவணை ஒழுங்காக வந்தால் அது 'திருந்திய கடன்'. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு டொலரிலும், முதலோ வட்டியோ, 1 வீதம் அவருக்கு. கடன் மாஸ்டர் சேர்விசரிடம் திரும்பிப் போன பிறகும் இது ஓடும். கடன் முதலுக்கு மட்டுமே 60,000.

திருந்தாமல் விற்கவோ தீர்க்கவோ நேர்ந்தால் லிக்விடேஷன் ஃபீஸ், கிடைக்கிற தொகையில் 1 வீதம். ஒரே பணத்துக்கு இரண்டையும் எடுக்க முடியாது. பெரிய கடன்களுக்கு வீதம் குறையும், உச்சவரம்பும் இருக்கும்.

கடன்காரன் கட்டாவிட்டால் இவை ட்ரஸ்ட்டின் வசூலில் முன்வரிசையில் கழியும், அடித்துண்டுக்காரனுக்கு அவ்வளவு குறையும். ஆனால் கடன் எடுக்கும்போது அத்தான் கையெழுத்து வைத்த கடன் பத்திரத்திலேயே 'கடன் கொடுத்தவரின் செலவுகளைக் கடன்காரர் ஈடுசெய்ய வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். புதிய கடன் பத்திரங்களில் ஸ்பெஷல் சேர்விசிங் ஃபீஸ் என்று பெயர் சொல்லியே எழுதிவிடுகிறார்கள். அதை வைத்துத்தான் அத்தானிடம் கேட்கிறார்கள்.

லீசிங் தம்பி

நான் லீசிங் கம்பனியில் கலெக்‌ஷனில் இருந்தவன். இது நம்ம சீசிங் மாதிரியேதான் இருக்கு! திரீவீலைத் தூக்கினால் தூக்கினதுக்குச் சார்ஜ், யார்ட்டில் நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் சார்ஜ். எல்லாம் முடிய வாகனத்தின் விலையைவிட பில் பெரிசு. சீஸ் பண்ணினவனுக்குச் சம்பளம் கம்பனி தருகுது என்று பேர், கட்டுறது சனம்.

நம்ம லீசிங் கம்பனிகளும் லீஸ்களைக் கட்டுக் கட்டாக ஒரு ட்ரஸ்ட்டுக்கு விற்று, சான்றிதழ் போட்டுக் காசு எடுத்திருக்கின்றன. ஆனால் வசூல் வேலை கம்பனியிடமேதான் இருக்கும். தவணை கட்ட வாறவருக்குத் தன் லீஸ் விற்கப்பட்டதே தெரியாது.

மட்டுநகரான்

பகல் கொள்ளை. வேறென்ன சொல்ல. கடன் பழுதானால்தான் இவனுக்கு வருமானம், பிறகெதற்கு அதைத் திருத்தப் போகிறான்?

ஸ்காபரோ செங்கலடியான்

மட்டுநகரான், அவசரப்படாதீங்க. 0.25 வீதம் கொள்ளை இல்லை. வருடம் 15,000 டொலருக்கு ஒருவர் அந்த மோட்டலின் கணக்கைப் பிரித்து, மதிப்பீடு எடுத்து, லோயர்களோடு மாரடித்து, தவணை நீட்டுவதா விற்பதா என்று இரண்டு பக்கமும் இன்றைய பெறுமதியில் கணக்குப் போட்டு எழுதி வைக்க வேண்டும். கனடாவில் அந்தக் காசுக்கு ஒருவரையும் பிடிக்க முடியாது. ஒப்பந்தப்படி தன் ஃபீஸை மனதில் வைக்காமல், எல்லாப் பத்திரக்காரருக்கும் சேர்த்து அதிகமாகக் கிடைக்கும் வழியைத்தான் எடுக்க வேண்டும். விருப்பம்போல் இழுத்தடிக்க முடியாது.

மட்டுநகரான்

எழுதி வைத்தால் எல்லோரும் யோக்கியனா?

வாவிக்காற்று

இரண்டு பேரும் பார்க்கிற இடம் தப்பு என்று நினைக்கிறேன். 0.25, 1 எல்லாம் வெளியில் தெரியிற ஃபீஸ். எழுவான்கரை, ஸ்டேட்மென்டில் டிஃபோல்ட் வட்டி என்ற வரியைப் பாருங்கள். சாதாரண வட்டிக்கு மேல் எத்தனை வீதம்?

எழுவான்கரை

4 வீதம். முடிவுத் திகதிக்கு அடுத்த நாளிலிருந்து, முழு 6 மில்லியனுக்கும்.

வாவிக்காற்று

அப்போ வருடம் 240,000, மாதம் 20,000 டொலர். நம்ம காசில் ரூபாய் 300 போட்டாலும் மாதம் 60 இலட்சம். பக்கத்தில் ஸ்பெஷல் சேர்விசிங் ஃபீஸ் மாதம் 1,250. எது பெரிசு?

அடுத்த கேள்வி, இந்த 20,000 யாருக்குப் போகிறது. பத்திரக்காரர்களுக்கு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது முதலில் ட்ரஸ்ட்டுக்கு ஏற்பட்ட மேலதிகச் செலவை நிரப்பும். மாஸ்டர் சேர்விசர் கடன்காரனுக்காகக் கட்டிய முற்பணத்தின் வட்டியும் அதில் வரும். மிஞ்சினால், கடன் ஸ்பெஷல் சேர்விசரிடம் இருக்கும் காலத்துக்குரிய பங்கு அவருக்கே மேலதிக ஊதியம். தாமதக் கட்டணமும் அப்படித்தான்.

நியூயோர்க்கில் ஸ்டைவசன்ட் டவுன் என்ற பெரிய குடியிருப்பு, பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2006 இல் 5.4 பில்லியன் டொலருக்கு விற்றார்கள். அதற்கான 3 பில்லியன் கடனைப் பிரித்து ஐந்து ட்ரஸ்ட்டுகளுக்குள் போட்டார்கள். 2010 ஜனவரியில் கடன் தவறியது. சிடபிள்யூ கெப்பிட்டல்தான் ஸ்பெஷல் சேர்விசர். 2015 இல் பிளாக்ஸ்டோனும் ஐவன்ஹோ கேம்பிரிட்ஜும் சுமார் 5.3 பில்லியனுக்கு வாங்கியபோது, கடன் போக மிகப் பெரிய தொகை மிஞ்சியது. அது அபராத வட்டி, எனக்குரியது என்றார் சேர்விசர். இல்லை, விற்பனை லாபம், பத்திரக்காரர்களுக்குரியது என்று அப்பலூசா என்ற முதலீட்டு நிதியம் வழக்குக்குப் போனது. தகராறு 500 மில்லியன் டொலருக்கும் மேல். 0.25 வீதத்தைப் பற்றி ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை.

சம்மாந்துறைக் காக்கா

அல்லாஹ்! ஒரு வரிக்கு 500 மில்லியனா?

பழைய மனேஜர், கல்முனை

நாங்கள் தண்ட வட்டி போட்டாலும் அது வங்கியின் வருமானம். இணக்கத்துக்கு வந்தால் முதலில் தள்ளுபடி செய்வதும் அதைத்தான். 2019 குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, பிறகு 2022 என்று பாசிக்குடா ஹொட்டல்காரர்கள் பட்ட பாடு தெரியும்தானே. சலுகைக் காலம் கொடுத்து, நீட்டி, திரும்ப நீட்டி... 2024 இல் பராட்டேயையே கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தார்கள். அப்போது எனக்குத் தெரிந்த ஒருவர்

நெறியாளர்

ஐயா, பாசிக்குடாவுக்குத் தனி இழை இருக்கிறது. மிச்சத்தை அங்கே எழுதுங்கள், நானும் வாசிக்க வருகிறேன்.

வாவிக்காற்று

ஐயா போகிற போக்கில் சொன்னது எழுவான்கரைக்கு மிக முக்கியம். தண்ட வட்டிதான் முதலில் தள்ளுபடியாவது, அங்கேயும் அப்படித்தான். ஸ்டேட்மென்டின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'இது யார் பைக்குள் போகிறது' என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பேரம் பேச அதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

டிஃபோல்ட் வட்டியின் பெரும் பகுதி சேர்விசர் பைக்குத்தான் போகிறது. இணக்கத்துக்கு வந்தால் தன் பங்கை அவர் விட்டுக்கொடுக்கலாம், பத்திரக்காரர்களுக்கு அதில் பெரிய இழப்பில்லை. 0.25 உம் 1 வீதமும் வேறு மாதிரி. அத்தான் கட்டாவிட்டால் சேர்விசர் அதை ட்ரஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுவார், இழப்பது பத்திரக்காரர்கள். 'அவர்களுக்குத் துண்டு விழாமல் பார்ப்பது என் கடமை' என்று இறுக்கிப் பிடிப்பார், அதில் நியாயமும் உண்டு. லோயர், மதிப்பீட்டாளர் செலவு வெளியில் கொடுத்த காசு, ரசீது கேட்கலாம். தள்ளுபடி கேட்பதென்றால் டிஃபோல்ட் வட்டியில் தொடங்கச் சொல்லுங்கள். அத்தான் கோபத்தில் அந்த 1,250 ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றால் வீணாகச் சக்தியைச் செலவழிக்கிறார்.

எழுவான்கரை

ஐயோ, அதையேதான் பிடித்துக்கொண்டு நிற்கிறார். போனில் அரைமணி நேரம் அந்த ஃபீஸை மட்டும் திட்டினார்.

மட்டுநகரான்

நான் ஒரு வழி சொல்கிறேன். மோட்டலில் கார்ட் மெஷினுக்கு வரும் காசை வேறு எக்கவுண்டுக்குத் திருப்பச் சொல்லுங்கள். கையில் காசு இருந்தால் அவன் தானாக இறங்கி வருவான்.

வாவிக்காற்று

வேண்டவே வேண்டாம். எழுவான்கரை, இதை மட்டும் அத்தானிடம் சொல்லிவிடாதீர்கள்.

இந்தக் கடன்கள் 'நொன்-ரிகோர்ஸ்', அதாவது கட்ட முடியாவிட்டால் மோட்டலைத்தான் எடுக்கலாம், அத்தானின் வீட்டைத் தொட முடியாது. அந்தப் பாதுகாப்புக்கு விலக்குகள் இருக்கின்றன. வருமானத்தைத் திசைதிருப்பினால் அந்த நட்டத்துக்கு உத்தரவாதம் போட்டவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பு. கம்பனி தானாகவே வங்குரோத்துக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் முழுக் கடனுமே தலையில் விழும். இப்போது கார்ட் காசு முழுக்க, கடன் கொடுத்தவர் கட்டுப்பாட்டிலுள்ள லொக்-பொக்ஸ் எக்கவுண்டுக்குத்தான் போகிறதாக இருக்கும். சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் பட்ஜெட் எழுதிக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். எரிச்சல்தான், ஆனால் வேறு எக்கவுண்டுக்குப் போன ஒரு ரூம் வாடகை வீட்டையே கேட்கும்.

மட்டுநகரான்

சரி சரி, நான் யோசித்ததைச் சொன்னேன். அதற்கு இத்தனை பாய்ச்சலா.

ஸ்காபரோ செங்கலடியான்

இன்னொன்று. பேச்சுவார்த்தை தொடங்குமுன் ஒரு 'ப்ரீ-நெகோஷியேஷன்' கடிதம் அனுப்புவார்கள். பேசுவதெல்லாம் எழுத்தில் வரும்வரை யாரையும் கட்டுப்படுத்தாது என்று இருக்கும், அது நியாயம். ஆனால் சிலதில் கடன் கொடுத்தவர் மீதான எல்லா உரிமைக் கோரிக்கையையும் கைவிடுகிறேன் என்றும் ஒரு பந்தி ஒளிந்திருக்கும். லோயர் பார்க்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். சி.எம்.பி.எஸ் பழக்கமுள்ள லோயராக இருக்கட்டும், வீடு வாங்கித் தந்த லோயர் போதாது.

மட்டுநகரானின் முதல் கேள்விக்கும் ஒரு பதில். ஸ்பெஷல் சேர்விசரைக் காரணம் சொல்லாமலே மாற்றும் அதிகாரம் பெரும்பாலும் அடித்துண்டுக்காரருக்கு உண்டு. அடித்துண்டை வாங்குபவர் தன் கூட்டுக் கம்பனியையே சேர்விசராகப் போடுவது வழக்கம். விற்று நட்டம் காட்டினால் அவர் துண்டு அன்றைக்கே போய்விடும், ஆகவே அவருக்கு இழுக்க ஆசை. மேல் துண்டுக்காரருக்கு இன்றைக்கே விற்றால் போதும். ஒப்பந்தத்தில் நடுநிலை என்று இருந்தாலும் யார் வேலைக்கு வைத்தார் என்பதை யாரும் மறக்க மாட்டார்கள். 2008 க்குப் பிறகு வந்த டீல்களில் ஒபரேட்டிங் எட்வைசர் என்று மேற்பார்வைக்கு ஒருவரைப் போடத் தொடங்கியது இதனால்தான்.

வாவிக்காற்று

இதில் செங்கலடியானோடு ஒத்துப் போகிறேன். அத்தானுக்கு நல்ல செய்தியும் அதற்குள் இருக்கிறது. மோட்டலின் மதிப்பு நிலுவையைவிடக் குறைந்திருந்தால், இழுக்க ஆசைப்படுகிற ஒருவர்தான் தவணை நீடிப்புக்குச் சம்மதிப்பார்.

சம்மாந்துறைக் காக்கா

அந்த ஒப்பந்தத்தை நாம பார்க்க ஏலுமா? இல்ல, கொம்பனிக்காரன் பூட்டி வச்சிருப்பானா?

வாவிக்காற்று

பொதுவில் விற்ற டீல் என்றால் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணைக்குழுவின் எட்கார் தளத்தில் இலவசமாகக் கிடக்கும். கடிதத்திலுள்ள ட்ரஸ்ட் பெயரைப் போட்டுத் தேடினால் 2015 இல் பதிந்த ஒப்பந்தம் வரும். மாத அறிக்கையும் அங்கே வரும், அதில் அத்தானின் மோட்டல் பெயரே இருக்கலாம். கடன் எந்தத் திகதியில் மாற்றப்பட்டது, புது மதிப்பீடு எவ்வளவு, என்ன திட்டம் என்று சேர்விசர் எழுதிய குறிப்பைக் கடன்காரரே வாசிக்கலாம். நிறையப் பேருக்கு இது தெரியாது.

எழுவான்கரை

தேடினேன், கிடைத்தது! மோட்டல் பெயர் அப்படியே இருக்கிறது. ஒப்பந்தம்தான் மலைபோல. லிக்விடேஷன் ஃபீஸ் என்ற இடத்தில் முடிவுத் திகதி, 90 நாள் என்று ஏதோ வருகிறது. என்ன அது?

வாவிக்காற்று

அதைத்தான் நானும் கேட்க இருந்தேன். பல ஒப்பந்தங்களில், முடிவுத் திகதி தாண்டியது ஒன்றே காரணமாகக் கடன் மாற்றப்பட்டு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் முழுதாகக் கட்டித் தீர்த்தால் அந்த 1 வீதம் ட்ரஸ்ட்டிலிருந்து கிடையாது. தவணை ஒன்றும் பிந்தவில்லை என்று முதல் பதிவிலேயே சொன்னீர்கள், ஆகவே பொருந்தலாம். 60,000 டொலர் விஷயம். 90 நாள் எங்கிருந்து எண்ணுகிறார்கள், முடிவுத் திகதியிலிருந்தா, மாற்றிய நாளிலிருந்தா என்று அந்தப் பந்தியை முழுக்க வாசியுங்கள். 'கடன்காரரிடமிருந்து பெற்றால் சேர்விசர் வைத்துக்கொள்ளலாம்' என்று கீழே ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ட்ரஸ்ட் தராததை அத்தானிடம் கேட்கப் பார்ப்பார்கள். அப்போது கடன் பத்திரம் அதற்கு இடம் தருகிறதா என்று லோயர் சொல்ல வேண்டும்.

பந்தியை அப்படியே படம் எடுத்துப் போடுங்கள், பெயர்களை மறைத்துவிட்டு.

எழுவான்கரை

அத்தான் இப்போது நித்திரை, அங்கே விடியப்புறம். கடன் மாற்றிய திகதி மாத அறிக்கையில் இருக்கிறது, எண்ணிப் பார்த்தால் இன்னும் ஐந்து கிழமை மிச்சம். படம் கீழே போடுகிறேன்.

சம்மாந்துறைக் காக்கா

ஐஞ்சு கிழமையில ஆறு மில்லியனுக்கு எங்க மனே போற? புது வங்கி கிடைச்சதா இல்லையா, அதச் சொல்லுங்க முதல்ல.

எழுவான்கரை

ஒரு உள்ளூர் வங்கி 5.2 தருவதாகச் சொல்லியிருக்கிறது, காக்கா. மிச்சம் 8 இலட்சம் டொலரைப் பங்காளிகள் போட வேண்டும். இரண்டு பேர் சம்மதம், ஒருவர் போன் எடுப்பதில்லை.